பனிநாட்டில் மிருதங்கம்: வாசிப்பையே தொழிலாகக் கொண்டவர்களுக்கு

வட அமெரிக்காவில் குடியேறி, மிருதங்கம் வாசித்தே குடும்பம் நடத்துவது என்று முடிவெடுத்தவர் முதல் வேலையாக ஈரப்பதமானி ஒன்று வாங்க வேண்டும். உள்ளங்கை அளவுதான் இருக்கும், விலையும் அதிகமில்லை. வாத்தியம் இருக்கும் அறையில் கண்ணில் படும் இடத்தில் வைத்து, காலையும் மாலையும் பார்க்கப் பழகிக்கொள்ள வேண்டும்.

காரணம் எளிது. சென்னைக் காற்றில் ஈரப்பதம் பெரும்பாலும் 70 சதவீதத்தை ஒட்டியே நிற்கும். மிருதங்கத்தின் பலாக்கட்டையும் தோலும் தோலின் நடுவிலுள்ள கருப்புக் கரணையும் அந்தக் காற்றில் உருவானவை. சிகாகோ, டொரன்டோ, பாஸ்டன் பக்கம் ஜனவரியில் வெளியே மைனஸ் 10 டிகிரி இருக்கும். அந்தக் காற்று ஈரம் நிரம்பியதாகவே இருந்தாலும், வீட்டு ஹீட்டர் அதை 21 டிகிரிக்குச் சூடாக்கும்போது ஈரப்பதம் சுமார் 12 சதவீதத்துக்கு இறங்கிவிடும். சமையல், குளியல் என்று வீட்டுக்குள் சேரும் ஈரம் அதைக் கொஞ்சம் தூக்கிப் பிடிக்கும், ஆனால் போதாது. தோல் உலர்ந்து இறுகி, ஸ்ருதி தானாகவே ஏறும். பலரும் ஸ்ருதி சேர்க்கும் கல்லை எடுத்துத் தட்டி இறக்கிவிட்டு வாசிப்பார்கள். அதற்குள் கரணையின் விளிம்பில் பொடி உதிரத் தொடங்கியிருக்கும். அடுத்த மாதம் ‘நம்’ என்ற ஒலி கரகரக்கும். கட்டையில் மயிரிழை போல ஒரு வெடிப்பு விழுந்துவிட்டால் அதன்பின் எந்த மூட்டை (வாயில் பொருத்தும் தோல்) போட்டாலும் பழைய நாதம் திரும்பாது.

அறையை 45 முதல் 55 சதவீதத்துக்குள் வைத்திருந்தால் போதும். 10க்கு 12 அடி அறையைக் கதவு சாத்தி வைத்துக்கொண்டால் சாதாரண ஹியூமிடிஃபையரே சமாளிக்கும். கடுங்குளிரில் ஒரு நாளைக்கு நான்கைந்து லிட்டர் தண்ணீர் குடிக்கும். மீயொலி வகை வாங்கினால் குழாய்த் தண்ணீர் ஊற்றாதீர்கள். அதிலுள்ள சுண்ணாம்பு வெள்ளைப் பொடியாகக் கரணைமேல் படியும். காய்ச்சி வடித்த தண்ணீர் ஊற்றலாம், அல்லது திரி வைத்த ஆவியாக்கும் வகையை வாங்கலாம். உறைக்குள் வைக்க, மரவாத்தியங்களுக்கென்றே 49 சதவீத ஈரத்தைத் தக்கவைக்கும் பொட்டலங்கள் கிடைக்கின்றன. ஒரு மிருதங்கத்துக்கு இரண்டு போதும். கையால் அழுத்திப் பார்த்துக் கெட்டியாகிவிட்டால் மாற்ற வேண்டும்.

காரில் கொண்டுபோகும்போதும் இதே கவனம் வேண்டும். டிக்கியில் இரண்டு மணி நேரம் உறைந்த வாத்தியத்தை மண்டபத்தில் நுழைந்ததும் திறந்தால், சூடான காற்றின் ஈரம் குளிர்ந்த தோல்மேல் பனித்துளியாகப் படியும். உறையை மூடியபடியே ஒரு மணி நேரம் உள்ளே வைத்திருந்து அப்புறம் திறங்கள். பின் சீட்டில் வைத்துக் கொண்டுபோனால் இந்தக் காத்திருப்பே வேண்டாம். கோடையிலோ நிறுத்தி வைத்த காருக்குள் பத்து நிமிடம்கூட விட்டுவைக்கக் கூடாது. வீணைக்காரர்களுக்கு இது இன்னும் மோசம்: தந்திக்கு அடியிலுள்ள மெட்டுகளைப் பதித்த மெழுகு வெயிலில் இளகி அவை நகர்ந்துவிடும், குளிரில் இறுகி மெட்டே பெயர்ந்து வரும்.

எத்தனை மிருதங்கம் வேண்டும் என்றால், குறைந்தது மூன்று. ஆண் பாடகர்களுக்கு ஒன்று முதல் ஒன்றரைக் கட்டைக்கு (கட்டை என்பது ஸ்ருதியின் அளவு) தக்கு, அதாவது தாழ்ந்த, ஸ்ருதியில் ஒன்று, இரண்டு இரண்டரைக் கட்டைக்கு ஒன்று, பெண் பாடகர்களுக்கு ஐந்து, ஐந்தரைக் கட்டைக்கு ஹெச்சு, அதாவது உயர்ந்த, ஸ்ருதியில் ஒன்று. ஒரு வாத்தியத்தை அரைக்கட்டை மேலே கீழே நகர்த்தலாம். அதற்குமேல் இழுத்தால் மேலே போகும்போது தோல் கிழியும், கீழே வரும்போது நாதம் செத்துவிடும். நாட்டிய நிகழ்ச்சிகளில் பெண்குரல் அதிகம் என்பதால், இங்கே வேலை செய்பவருக்கு ஹெச்சு ஸ்ருதி மிருதங்கம்தான் அதிகம் தேயும். அதற்கு மட்டுமாவது மாற்று ஒன்று இருப்பது நல்லது.

தோல்வாரால் இழுத்துக் கட்டிய, வார் பிடித்த மிருதங்கமா, நட்டு போல்ட் வைத்ததா என்பது ஓயாத விவாதம். நாதத்துக்கு வார் பிடித்ததே மேல் என்பதுதான் எங்கள் கருத்து. ஆனால் மைலாப்பூரிலோ தஞ்சாவூரிலோ பாலக்காட்டுப் பெருவெம்பிலோ இருப்பதுபோல் தெருவில் ஒரு கைத்தொழில் விற்பன்னர் இங்கே கிடையாது. கச்சேரிக்கு முதல் நாள் மூட்டு கிழிந்தால், வார் முழுக்கத் தளர்த்தி, புது மூட்டு வைத்து, மறுபடி இழுத்து நிலைநிறுத்த, பழகாதவருக்கு ஒரு நாள் ஆகும், பலமும் வேண்டும். நட்டு போல்ட் மிருதங்கத்தில் ஒரு ஸ்பேனரை வைத்துக்கொண்டு முக்கால் மணியில் முடித்துவிடலாம். அதனால் கச்சேரிக்கு வார், வகுப்புக்கும் ஒத்திகைக்கும் போல்ட் என்று பிரித்துக்கொள்வது நடைமுறைக்கு ஒத்துவரும். ஒவ்வொரு வாத்தியத்துக்கும் அதன் வாய் அளவுக்கே செய்த வலந்தலை (வலப்பக்க) மூட்டு இரண்டு, தொப்பி (இடப்பக்க) மூட்டு ஒன்று கையிருப்பில் இருக்கட்டும். மூட்டின் உள்பக்கத்தில் எந்த வாத்தியத்துக்கு உரியது, எந்தத் தேதியில் வாங்கியது என்று எழுதி வையுங்கள். கால் அங்குல வித்தியாசத்தில் ஒன்றின் மூட்டு இன்னொன்றில் உட்காராது.

ஊருக்குப் போகும்போது மிருதங்கம் செய்பவரிடம் நான்கு நாள் உட்கார்ந்து வேலை கற்றுக்கொண்டு வருவது பல வருடத்துக்குப் பயன்படும். வார் இழுப்பது, பின்னலின் 16 கண்ணிலும் ஒரே சுரம் வரும்படி சமன் செய்வது, உதிர்ந்த கரணையின் ஓரத்தைச் சரிக்கட்டுவது, இந்த மூன்றும் தெரிந்தால் போதும். அந்த நான்கு நாளுக்கு அவருக்கு உரிய கூலியைக் கேட்காமலே கொடுங்கள். நம் வாசிப்பில் பாதி அவர் கையில் இருக்கிறது. மேடையில் அவர் பெயர் வருவதில்லை.

தொப்பிக்கு ரவை ஒட்டுவதிலும் இங்கே பழக்கத்தை மாற்ற வேண்டியிருக்கும். இரண்டு மேஜைக்கரண்டி சன்ன ரவையைத் தண்ணீர் தெளித்துப் பிசைந்து பதினைந்து நிமிடம் ஊற விட்டு, மறுபடி பிசைந்தால் பசையாகும். தோலின் நடுவை முதலில் ஈரத்துணியால் துடைத்துவிட்டு ஒட்டுங்கள், இல்லாவிட்டால் உலர்ந்த தோல் ரவையின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். சென்னையில் தனி ஆவர்த்தனம் வரை தாங்கும் ரவை, ஹீட்டர் ஓடும் மண்டபத்தில் மூன்றாவது உருப்படியிலேயே ஓரம் வெடித்துக் தொப்பியை வழித்து எழுப்பும் கும்கி நாதம் கம்மிவிடும். வழக்கத்தைவிடக் கொஞ்சம் தளர்வாகப் பிசைந்து, பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்து, உருப்படிகளுக்கு நடுவில் விரலால் தடவிக்கொண்டே இருங்கள். முடிந்ததும் முழுக்க எடுத்துத் துடைத்துவிடுங்கள்.

விமானப் பயணத்துக்கு வருவோம். 24 அங்குல மிருதங்கம் கெட்டிப் பெட்டியுடன் நீள அகல உயரம் கூட்டினால் பெரும்பாலும் 62 அங்குலத்துக்குள், 23 கிலோவுக்குள் அடங்கும். ஆகவே சாதாரணப் பெட்டியாகவே செக்-இன் செய்யலாம். கிளம்பும் முன் அரைக்கட்டை இறக்கி, இரு வாய்க்கும் மேல் மடித்த துணி வைத்து மூடுங்கள். ஸ்ருதி சேர்க்கும் கல்லையும் மரக்கட்டையையும் கைப்பையில் வைத்தால் பாதுகாப்புச் சோதனையில் பிடுங்கிக்கொள்ளக்கூடும். அவை பெட்டிக்குள்தான் போக வேண்டும். வயலின், கஞ்சிரா போன்ற சிறு வாத்தியங்களுக்கு அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் விதி ஒன்று 2015 மார்ச்சிலிருந்து நடப்பில் இருக்கிறது: ஏறும் நேரத்தில் தலைக்கு மேல் இடம் இருந்தால் அமெரிக்க விமான நிறுவனங்கள் வாத்தியத்தை உள்ளே அனுமதிக்க வேண்டும், சாதாரணக் கைப்பைக்கு வாங்குவதற்கு மேல் கட்டணம் வாங்கக் கூடாது. அந்த விதியை அச்சிட்டுக் கையில் வைத்துக்கொண்டு, கூட்டம் சேர்வதற்கு முன்னால் ஏறுவது நல்லது.

கஞ்சிராவில் உடும்புத்தோல் போட்டிருந்தால் நாட்டெல்லை தாண்டிக் கொண்டுபோகவே கூடாது. உடும்பு, வனவிலங்கு வணிகத்துக்கான சர்வதேச உடன்படிக்கையின் முதல் பட்டியலில் இருக்கிறது, இந்தியச் சட்டத்திலும் அதற்குக் கடுமையான பாதுகாப்பு உண்டு. வாத்தியம் பறிபோவதோடு வழக்கும் வரும். ஆட்டுத்தோல் அல்லது செயற்கைத்தோல் கஞ்சிராவுக்குக் கையைப் பழக்கிக்கொள்ளுங்கள். பழைய வீணைகளில் தந்த வேலைப்பாடு இருந்தால் அதற்கும் இதே சிக்கல். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போகிறவர்கள் தோல்வாத்தியத்தை வருகைப் படிவத்தில் கட்டாயம் குறிப்பிட வேண்டும். ரோமம், அழுக்கு இல்லாமல் சுத்தமாக இருந்தால் வேலை சுலபமாக முடியும். ரவையை இங்கிருந்து கொண்டுபோகாமல் அந்தந்த ஊர் இந்தியக் கடையில் வாங்கிக்கொள்ளலாம்.

இனி வருமானம். கச்சேரி மட்டும் சோறு போடாது. வகுப்பும் அரங்கேற்றமும்தான் போடும். 1963 முதல் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் கற்பித்த மிருதங்க வித்வான் டி.ரங்கநாதன், 1971இல் டொரன்டோவின் யார்க் பல்கலைக்கழகத்துக்குச் சென்ற திருச்சி சங்கரன் போன்றோர் வழிகாட்டிய பல்கலைக்கழகப் பணி மேன்மையானது. ஆனால் அப்படிப்பட்ட இடங்கள் ஒரு கை விரலுக்குள் அடங்கும். அதை நம்பித் திட்டம் போட முடியாது.

ஆண்டுக் கணக்கு இப்படி ஓடும். செப்டம்பர் முதல் ஜூன் வரை பள்ளி நடக்கும் காலம், வகுப்புகளும் அப்போதுதான். ஜனவரி, பிப்ரவரியில் ஊருக்கு ஊர் தியாகராஜ ஆராதனை. ஈஸ்டரை ஒட்டி, 1978 முதல் நடந்துவரும் கிளீவ்லாந்து ஆராதனை. அதைத் தொடர்ந்து இந்தியாவிலிருந்து வரும் வித்வான்களின் சுற்றுப்பயணம். ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் தொடக்கம் வரை வார இறுதிதோறும் அரங்கேற்றம். அப்புறம் நவராத்திரி, அதன்பின் டிசம்பரில் சென்னைக் கச்சேரி சீசன். கோடையில் கையில் பணம் புரளும், அக்டோபரில் வறளும். கோடை வருமானத்தை எட்டாகப் பிரித்து மாதாமாதம் எடுத்துக்கொள்ளும் ஒழுங்கு இல்லாவிட்டால் வீட்டு வாடகைக்கே திண்டாட வேண்டிவரும். உத்தியோகத்தில் இருக்கும் வாழ்க்கைத்துணையின் மருத்துவக் காப்பீட்டில் இடம் இல்லாதவர் அமெரிக்காவில் அதையும் சொந்தக் கைக்காசில் வாங்க வேண்டும். அதையும் கணக்கில் சேர்த்தே கட்டணம் சொல்லுங்கள்.

பரதநாட்டிய அரங்கேற்றத்துக்கு வாசிக்க ஒப்புக்கொள்ளும்போது பெரும்பாலோர் மேடையில் இருக்கும் மூன்று மணி நேரத்தை நினைத்துக் கட்டணம் சொல்லிவிடுகிறார்கள். உண்மைக் கணக்கு வேறு. நட்டுவனாருடன் ஜதிகள் மட்டும் பார்க்க ஓர் அமர்வு, முழுக்குழு ஒத்திகை இரண்டு, மேடை ஒத்திகை ஒன்று, ஒவ்வொன்றும் மூன்று மணி. அது பன்னிரண்டு. நிகழ்ச்சி நான்கு மணிக்கு என்றாலும் காலை பதினொன்றுக்கே வரச்சொல்வார்கள், அதில் எட்டுமணி நேரம் போகும். ஆக இருபது மணி நேரம், காரோட்டும் நேரம் தனி. சொல்லும் தொகையை இருபதால் வகுத்துப் பாருங்கள், வகுப்பெடுத்தால் ஒரு மணிக்கு வருவதைவிடக் குறைவாக இருந்தால் அது கட்டுப்படியாகாது.

எல்லாவற்றையும் ஒரு பக்கத்தில் எழுதி இருவரும் ஒப்பிட்டுக்கொள்வது நட்பைக் காப்பாற்றும். “நம்ம குழந்தை மாதிரிதான் சார், பார்த்துச் செய்யுங்கோ” என்று சொல்லும் பெற்றோரிடமும் எழுத்தில் வாங்குவதில் தவறில்லை. ஒத்திகை எத்தனை, அதற்கு மேல் ஆனால் மணிக்கு எவ்வளவு, பயணம், தங்குமிடம், தேதி உறுதியாகும்போது பாதி முன்பணம், முப்பது நாளுக்குள் ரத்தானால் முன்பணம் திரும்பாது, ஒலிப்பதிவைக் குடும்பத்தார் வைத்துக்கொள்ளலாம், ஆனால் வேறு நிகழ்ச்சிக்குப் பின்னணியாக ஓடவிடக் கூடாது. கடைசி வரிதான் முக்கியம். அது இல்லாவிட்டால் அடுத்த ஆண்டு அதே பதிவுக்கு இன்னொரு பெண் ஆடுவாள், வாசித்தவர்களுக்கு வேலை போய்விடும். வர்ணத்தின் ஜதிகளும் தில்லானாவின் கோர்வைகளும் எழுத்திலும் வீடியோவிலும் ஒரு மாதத்துக்கு முன் வேண்டும் என்பதையும் சேர்த்துவிடுங்கள். ஒத்திகையில் போய் ஜதி கற்றுக்கொண்டால் எல்லோர் நேரமும் வீண்.

விசா விஷயத்தில் நல்லெண்ணத்தால் செய்யும் தவறுகளே அதிகம். அமெரிக்காவில் ஹெச்-1பி வேலை விசாவில் இருக்கும் பொறியாளர் சனிக்கிழமை வகுப்பெடுத்துக் காசு வாங்கக் கூடாது, அந்த விசா அவரை மனுப்போட்ட நிறுவனத்தின் வேலைக்கு மட்டுமே. அவரைச் சார்ந்து ஹெச்-4 விசாவில் வந்த மனைவியோ கணவரோ வேலை அனுமதி அட்டை இல்லாமல் கட்டணம் பெற முடியாது. ஹெச்-1பி துணையின் பச்சை அட்டைக்கான ஐ-140 மனு ஏற்கப்பட்டிருந்தால், 2015இல் வந்த விதிப்படி வேலை அனுமதி அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். காசுக்குப் பதில் பரிசு அட்டை, பட்டுப்புடவை, “தட்சிணை” என்று வாங்கினாலும் செய்த வேலைக்குக் கைம்மாறு கைம்மாறுதான். பின்னால் பச்சை அட்டைக்கு மனு போகும்போது இது கழுத்தைப் பிடிக்கும்.

இந்தியாவிலிருந்து கச்சேரிக்கென்று வருகிறவர்களுக்குப் பண்பாட்டுத் தனித்தன்மை வாய்ந்த கலைகளுக்கான பி-3 விசா உண்டு, ஓர் ஆண்டு வரை கிடைக்கும். சிறப்புத் திறனுக்கான ஓ-1 முதலில் மூன்றாண்டு வரை கிடைக்கும். இரண்டுக்கும் அமெரிக்காவில் இருக்கும் அமைப்போ முகவரோதான் மனுப்போட வேண்டும். நிகழ்ச்சிப் பட்டியல், ஒப்பந்தங்கள், இசைத் தொழிலாளர் அமைப்பின் கருத்துக் கடிதம் எல்லாம் இணைக்க வேண்டும். இதற்காக முதல் கச்சேரியிலிருந்தே சேர்க்க வேண்டியது காகிதம்: அழைப்பிதழ், தேதி தெரியும் பத்திரிகை விமர்சனம், அகில இந்திய வானொலியின் தரச் சான்று, விருது. தமிழ்ப் பத்திரிகைத் துண்டுகளுக்கு முழு ஆங்கில மொழிபெயர்ப்பும், மொழிபெயர்த்தவர் கையெழுத்திட்ட உறுதிமொழியும் தேவை. பத்தாண்டு கழித்துத் தேடினால் தேதி வெட்டுப்பட்ட துண்டுதான் கிடைக்கும்.

வரி பற்றிச் சுருக்கமாக: அமெரிக்காவில் சுயதொழிலுக்கு வழக்கமான வருமான வரியோடு 15.3 சதவீத சுயதொழில் வரியும் உண்டு. ஏப்ரல், ஜூன், செப்டம்பர், ஜனவரி மாதங்களின் 15ஆம் தேதி காலாண்டுத் தவணை. வரும் ஒவ்வொரு காசோலையிலும் கால்பங்கைத் தனிக்கணக்கில் ஒதுக்குங்கள். மைல் கணக்கு, மூட்டுச் செலவு, வாத்தியப் பெட்டி, கச்சேரிக்கான விமானச் சீட்டு எல்லாவற்றுக்கும் ரசீது வையுங்கள்.

வகுப்புக் கட்டணத்தை வகுப்புக்கு இவ்வளவு என்று வாங்கினால், “இந்த வாரம் சாக்கர் மேட்ச் சார்” என்று ஒரு செய்தியோடு அந்த வார வருமானம் போய்விடும். பதினைந்து வாரப் பருவத்துக்கு முன்கூட்டியே வாங்கி, விடுபட்டதற்கு ஒரே ஒரு மாற்று வகுப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு குழுவில் நான்கு பேருக்கு மேல் வேண்டாம். முதல் மூன்று மாதம் வாயால் சொற்கட்டும் கையால் தாளமும் மட்டும். மிருதங்கம் வாங்கச் சொல்வது அதற்கப்புறம்.

இங்கே வளரும் பிள்ளைகளின் பெரிய குறை, அவர்கள் காதில் பாட்டு விழுவதில்லை. சென்னையில் கோயிலிலும் சபாவிலும் பக்கத்து வீட்டிலும் தானாகக் கேட்டது இங்கே கிடையாது. கணக்கில் புலியாக இருப்பார்கள், மிஸ்ர நடையில் கோர்வை வைப்பார்கள். ஆனால் தாளம் தொடங்கி ஒன்றரை இடம் தள்ளி எடுக்கும் கிருதியைப் பாடினால் எங்கே சேர்வது என்று திகைப்பார்கள். ஊரில் உள்ள பாட்டு ஆசிரியருடன் ஏற்பாடு செய்து, மாதம் ஒருமுறை அவர் மாணவர்களும் உங்கள் மாணவர்களும் சேர்ந்து உட்காரட்டும். கீதத்திலிருந்து தொடங்கி, வர்ணம், பிறகு சின்னக் கிருதி. பல்லவிக்கு எப்படி, சங்கதி அடுக்கும்போது எப்படி, சரணத்தில் எங்கே அடக்கி வாசிப்பது என்பதெல்லாம் பாடுகிறவர் பக்கத்தில் இருந்தால்தான் கைக்கு வரும்.

இணைய வகுப்பில் குருவும் சீடரும் சேர்ந்து வாசிக்க முடியாது, ஒலி வந்து சேர்வதற்குள் தாளம் நழுவிவிடும். சீடர் தன் பக்கத்திலேயே தம்பூராவும் தாளமும் வைத்துக்கொண்டு வாசிக்க, குரு ஒலியை அடைத்துக்கொண்டு கேட்க வேண்டும். ஜூமில் இசைக்கலைஞர்களுக்கான அசல் ஒலி அமைப்பை இயக்கி, இரைச்சல் நீக்கத்தை அணைத்துவிடுங்கள். அது தம்பூராவை இரைச்சல் என்று எண்ணி அழித்துவிடும், கும்கியையும் விழுங்கும். மார்ச் இரண்டாவது ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும் இங்கே கடிகாரம் மாறும், இந்தியாவில் மாறாது. அந்த இரண்டு வாரமும் குருவைக் காக்கவைக்காமல் இருக்க நாட்காட்டியில் குறித்துவிடுங்கள்.

பல்கலைக்கழக அரங்குகளில் ஒலி அமைப்பவர் திறமைசாலியாக இருப்பார், ஆனால் மிருதங்கத்தைக் கேட்டிருக்க மாட்டார். ராக் டிரம்ஸுக்குச் செய்வதுபோல் தொப்பியின் அடிநாதத்தை ஏற்றி, எதிரொலி சேர்த்துவிடுவார். ஒரு வாரம் முன்பே ஒரு பக்கக் குறிப்பு அனுப்புங்கள்: மூவர் கச்சேரிக்கு 12க்கு 8 அடி மேடை, மேலே கம்பளம், பாடகருக்கு வலப்பக்கம் மிருதங்கம், இடப்பக்கம் வயலின், இடக்கைக்காரர் என்றால் மாற்றி. மிருதங்கத்துக்கு இரண்டு மைக், வலந்தலைக்கு எஸ்எம்57 போல ஒன்று, தொப்பிக்கு இன்னொன்று, இரண்டும் தோலிலிருந்து ஒரு சாண் தூரத்தில். எதிரொலியும், ஒலியின் ஏற்ற இறக்கத்தை அமுக்கும் கம்ப்ரஸரும் வேண்டாம். தம்பூரா எல்லோருடைய மானிட்டரிலும் கேட்க வேண்டும். பின்வரிசையில் நம்பிக்கையான ஒருவரை உட்காரவைத்து, முதல் உருப்படி முடிவதற்குள் கைச்சாடை காட்டச் சொல்லுங்கள்.

இத்தனைக்கும் நடுவில் சொந்தச் சாதகம் கரைந்துபோவதுதான் இந்தத் தொழிலின் உண்மையான ஆபத்து. வாரத்துக்கு இருபது வகுப்பு எடுத்தால் கை எப்போதும் மிருதங்கத்தின்மேல்தான் இருக்கும். ஆனால் அது மாணவர் வேகத்துக்கு வாசித்த கை. ஃபரன்ஸ் என்ற விரைவுச் சொற்கட்டில் வேகம் எடுக்கும்போது முதலில் தெரியும். வகுப்புக்கு முன்னால், காலையில், ஒரு மணி நேரமாவது தம்பூராவோடு தனியாக உட்காருங்கள். முதல் கால்மணி கீழ்க்காலம் மட்டும். வாரம் ஒருநாள் பெரிய வித்வான்களின் முழுக் கச்சேரிப் பதிவு ஒன்றைப் போட்டுக் கூடவே வாசித்து, அதைப் பதிவு செய்து மறுநாள் கேளுங்கள். வாசிக்கும்போது தெரியாத அவசரம் கேட்கும்போது தெரியும்.

டிசம்பர் சீசனில் வாசிக்க வேண்டுமானால் கோடையிலேயே சபாக்களுக்கு எழுத வேண்டும். நன்கொடை தந்தால் நேரம் தருகிறோம் என்று கேட்கும் இடங்களை விட்டுவிடுங்கள், வெறும் நாற்காலிகளுக்கு வாசித்துவிட்டு வருவதில் கை வளராது. அந்தப் பணத்தில் மூன்று வாரம் கூடுதலாகத் தங்கி, காலையில் குருவிடம் பாடம், மாலையில் முன்வரிசையில் உட்கார்ந்து கச்சேரி கேட்பது என்று கழித்தால் அடுத்த ஆண்டு முழுவதற்கும் தாங்கும். ஒரு தக்கு ஸ்ருதி மிருதங்கத்தை அங்கேயே, தினமும் வாசிக்கும் நண்பர் ஒருவர் வீட்டில் விட்டுவிடலாம். வருஷம் முழுக்கப் பூட்டி வைத்த தோல் விறைத்துவிடும், கைபட்ட தோல் பேசும். நவம்பர் கடைசியில் அவரிடம் சொல்லி மூட்டு மாற்றக் கொடுத்துவிட்டால், இறங்கிய மறுநாளே ஸ்ருதி சேர்த்து உட்காரலாம்.